என் பி.எஸ்.ஏ.வும் அவள் லைசென்ஸும்

நான் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்றால், ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேஜை, வாசலில் ஒரு பழைய கார். அதைவிடப் பழைய கார் ஒன்று வீட்டு உபயோகத்துக்கு. என் தொழிலில் நான் பேசுவதில் பாதி 'மெதுவா'. மீதி 'பதட்டப்படாதீங்க'. எதிரே லாரி வந்தபோது ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார் ஒரு பேராசிரியர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் அதே குரலில்தான் சொன்னேன். ஆகவே நிதானத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை வந்து அதைக் கெடுத்தது.

ஏற்பாடு செய்தவள் என் மனைவி. அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. புகார்ப் பிரிவு. காலையிலிருந்து மாலைவரை ஊரே போனில் அவளைத் திட்டும். தண்ணீர் வரவில்லை என்று திட்டும். வந்துவிட்டால் நாறுகிறது என்று திட்டும். அவள் "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாள். எதிர்முனை கத்தி ஓய்ந்து, அந்த மௌனம் தாங்காமல், குழாயை உடைத்ததே தான்தான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டுவிடும். இந்த வித்தையை அவள் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நான் இன்னும் கொஞ்சம் சுதந்திரமாக வாழ்ந்திருப்பேன்.

ஊழியர்களின் கணவன் மனைவிகளுக்கும் இலவச உடல் பரிசோதனை என்று அங்கே அறிவித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் விரும்பினால் புராஸ்டேட் சுரப்பிக்கும் ஒரு சோதனை செய்துகொள்ளலாமாம். அப்படி ஒரு சுரப்பி எனக்குள் இத்தனை வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

சோதனை என்றால் எனக்குப் பரீட்சைதான். தயார் செய்யாமல் போகக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே கிடந்த சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து, பரீட்சைக்கு முந்தைய வாரம் முழுக்கக் காலையும் மாலையும் ஓட்டினேன். சீட் குறுகல். கல் மாதிரி வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ரத்தம் கொடுக்கிற அன்றும் சைக்கிளிலேயே போய் இறங்கினேன். ஊசி குத்திய பெண், "இவ்வளவு வேர்த்திருக்கே, பயமா?" என்று கேட்டாள். உழைப்பு என்றேன்.

முடிவு வந்தது. சர்க்கரை சரி. கொழுப்பு சரி. அந்தப் புராஸ்டேட் சோதனைக்கான பி.எஸ்.ஏ. என்ற வரியில் மட்டும், இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. நான் படிப்பில் எதிலும் கூடுதலாக வாங்கியவன் இல்லை. பி.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டவன். பி.எஸ்.ஏ.விலாவது தேறினேனே என்று நினைத்தேன்.

அந்தப் பெருமையோடு பக்கத்து வீட்டு இன்சூரன்ஸ்காரரிடம் போனேன். நோய் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. ஆனாலும் ஒரு கௌரவம் கருதி, எனக்கு என்று சொல்லவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு பி.எஸ்.ஏ. கூடுதலா வந்திருக்கு. நல்லதுதானே?"

"அவருக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"என்ன தொழில்?"

"கார் சம்பந்தமா."

"எங்கே இருக்கார்?"

"இங்கேதான். உங்க வீட்டுக்கும் பக்கம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் தோளில் கை வைத்தார். "நல்ல மனுஷன்" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் வினைச்சொல் இல்லை. ஆகவே நல்ல மனுஷன் இருக்கிறாரா, இருந்தாரா என்பது எனக்கு விளங்கவில்லை. புற்று என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு அது ரொம்பச் சத்தமாகக் கேட்டது.

வீட்டில் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவள் பாவம், பயந்துவிடுவாள். முடிவுத் தாளில் போட்டிருந்த டாக்டரைப் பார்க்கத் தனியாகவே போனேன்.

டாக்டர் வயதில் சின்னவர். கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே பேசினார். சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, எரிச்சல் உண்டா, காய்ச்சல் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சைக்கிள் ஓட்டுவீர்களா என்றார். அதற்காகவே காத்திருந்தவன்போல், "தினமும் ரெண்டு வேளை டாக்டர். டெஸ்டுக்கே சைக்கிள்லதான் போனேன்" என்றேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் நிறையப் பேசினார். அந்தச் சமயம் பார்த்து என் காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பிவிட்டது. அவர் வாய் அசைகிறது. கை ஏதோ உருண்டையான பொருளைக் காட்டுகிறது. படம் வரைகிறார். நான் தலையாட்டுகிறேன். முகத்தில் நிதானம். உள்ளே ஒரு வார்த்தையும் போகவில்லை. விசில் அடங்கியபோது கடைசி வரி மட்டும் கேட்டது.

"ஆறு வாரம். அதுக்கப்புறம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் மனசைப் போட்டு அலட்டிக்காம நிம்மதியா இருங்க."

எழுந்தேன். நன்றி சொன்னேன். இப்படி ஒரு சேதியை இவ்வளவு பண்பாகச் சொல்கிறவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுத்தேன். கதவருகில் போனதும் மனசு கேட்கவில்லை.

"டாக்டர், சரியா ஆறு வாரம்தானா?"

"ஒரு வாரம் முன்னே பின்னே ஆனாலும் தப்பில்லை" என்றார் அவர்.

அவருக்குத் தப்பில்லை. போகிறவன் நான் அல்லவா.

அன்று மாலை அவள் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். பிறகு சும்மா இருந்தாள். நான் தட்டைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது. கடைசி நொடியில் அதில் ஒரு கவளத்தைத் திணித்து அடைத்தேன். ஒன்றுமில்லை என்றேன். ஊரே தோற்ற மௌனத்தை நான் ஜெயித்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. காலையில் நான் கொண்டுபோய் விடுவேன். மாலையில் என் கடைசி வகுப்பு முடிகிறவரை அவள் அங்கேயே காத்திருப்பாள். எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுங்கள் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். உனக்குப் பதட்டம் வந்துவிடும் என்று நானும் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிவிடுவேன். அவள் அலுவலகத்துக்குப் பஸ் பாதி தூரம்தான். அங்கிருந்து லாரிகள் ஓடுகிற சாலையில் நடக்க வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தச் சாலை ஓரத்தில் கைப்பையும் குடையுமாக அவள் தனியாக நடந்து போவது என் கண்ணில் தெரிந்தது. அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். "இன்னிக்கு சாயங்காலத்திலேர்ந்து உனக்கு ஓட்டச் சொல்லித் தரேன்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன் சாயங்காலம்?" என்று கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றாள். "இறங்குங்க."

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருக்கிறது. மாலையில் பள்ளியின் காரை எடுத்துக்கொண்டு அங்கே போவோம். அந்தக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன், மனைவிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஆடிப்போனேன். ஒவ்வொரு பாடத்தையும் கடைசிப் பாடம் மாதிரியே சொன்னேன்.

"நான் இல்லாட்டியும் கண்ணாடியைப் பாக்க மறந்துடாதே."

"எந்தக் கண்ணாடியை?"

"பின்னால வர்றதைக் காட்டுற கண்ணாடி."

"நீங்க எங்கே போறீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா கிளட்ச்லேர்ந்து காலை எடுக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க முதல்ல."

காலை எடுத்தாள். கார் குதித்தது. நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பதட்டப்படாதே என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொல்கிறேன் என்பதுதான் போகப் போகக் குழப்பமாகிவிட்டது.

வீட்டிலும் நான் வேறு ஆளாகிவிட்டேன். போகிறவன் நல்லபடியாகப் போக வேண்டும் அல்லவா. காலைக் காபியை நானே போட்டேன். பாத்திரம் தேய்த்தேன். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் பல வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவின் வீட்டிலேயே அந்த நிலைமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைச் சரி செய்தேன். ஈரச் சட்டையோடு எழுந்து பார்த்தால் அவள் வாசலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த ஜன்னல்கூடச் சாத்த வருவதில்லை, பரவாயில்லை, நான் ஒருத்திதானே, எப்படியோ சமாளித்துக்கொள்வேன் என்றாள். 'நான் ஒருத்திதானே' என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலையும் சரி செய்தேன். அடுத்த வாரம் அலமாரிக் கதவு. அதற்கடுத்து கொல்லைப்புறச் சுவருக்குச் சுண்ணாம்பு. ஒவ்வொரு தடவையும் அவள் எங்கிருந்தோ ஒரு பெருமூச்சை எடுத்து வந்து விட்டுப் போவாள்.

சைக்கிளைக் காணவில்லை. கேட்டால், அலுவலகக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சுருக்கென்றது. பிறகு, எனக்கு எதற்கு இனி சைக்கிள் என்று விட்டுவிட்டேன்.

இன்சூரன்ஸ்காரர் தினமும் சுவருக்கு மேல் தலையை நீட்டுவார். "நண்பர் எப்படி இருக்கார்?" என்பார்.

"பரவாயில்லை. சுண்ணாம்பு அடிச்சிட்டிருக்கார்."

"மன தைரியம் உள்ளவர்" என்பார். அதிலும் வினைச்சொல் இருக்காது.

மூன்றாவது வாரத்திலேயே அவள் தெருவில் ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். நன்றாகவே ஓட்டினாள். ஒரே ஒரு குறை. எப்போதும் ஒரே வழி. வீட்டில் கிளம்பி, சந்தையைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் வரைக்கும் போவாள். அங்கே ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பாள். திரும்பி வருவாள். மறுநாளும் அதே வழி. வேறு எங்காவது போகலாமே, பூங்கா பக்கம் போகலாமே என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அங்கே திருப்பம் நிறைய, பழக வேண்டும் என்றாள். வாத்தியார் என்ற முறையில் அதை மறுக்க முடியவில்லை.

ஆறாவது வாரம் வந்தது. அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஓட்டிக் காட்டச் சொன்ன அதிகாரி எனக்குப் பழக்கமானவர். என் மாணவர்களில் இவ்வளவு அமைதியாக ஓட்டி யாரையும் பார்த்ததில்லை என்று என்னிடமே சொன்னார். நான் செய்ய வேண்டியது முடிந்துவிட்டது. இருந்ததிலேயே நல்ல சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன்.

"நாளைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்குங்க. காலையில கிளம்பணும். டெஸ்ட் இருக்கு" என்றாள்.

"நீதான் பாஸ் பண்ணிட்டியே?"

"உங்களுக்கு."

என்ன டெஸ்ட் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள். காலையில் வீட்டுக் காரில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தையைச் சுற்றும்போது கேட்டேன்.

"எனக்கு என்ன டெஸ்ட்?"

"ரத்தம்தான். ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரே."

"திரும்ப எடுக்கவா?"

"பின்னே? நீங்க என்ன நினைச்சீங்க?"

என் பதில் அவளுக்குத் தேவைப்படவில்லை. பரிசோதனை அவள் அலுவலகம் ஏற்பாடு செய்தது, முடிவு அன்றைக்கே அவள் போனுக்கும் வந்துவிட்டதாம். நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து கவளத்தை வாயில் அடைத்துக்கொண்டேனே, அதைப் பார்த்ததுமே நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று புரிந்துவிட்டதாம். சாப்பாடு ஆனதும் கொல்லைப்புறம் போய், முடிவில் போட்டிருந்த அந்த டாக்டருக்கே போன் போட்டிருக்கிறாள். எண் கொஞ்சம்தான் கூடுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். சைக்கிள் சீட் அழுத்தியதாக இருக்கலாம், வயசுக்குச் சுரப்பி வீங்கியதாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம், அப்போதும் கூடுதலாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். இத்தனையையும் உங்கள் கணவரிடம் படம் போட்டு விளக்கினேன், அவர் மிகவும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார் என்று பாராட்டினாராம்.

"அப்போ நான் சாகலையா?"

"இன்னிக்கு இல்லை. எதிர்ல லாரி வருது, பேசாம வாங்க."

லாரி போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் நான் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நான்தானே சொல்லுங்கன்னு அன்னிக்கே கேட்டேன். ஒண்ணுமில்லைன்னீங்க. மறுநாள் காலையில ஸ்டியரிங்கைக் கையில குடுத்தீங்க. நான் வாயைத் திறந்திருந்தா உடனே திரும்ப வாங்கியிருப்பீங்க."

வாங்கித்தான் இருப்பேன்.

பாலத்தில் ஏறினோம். அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசினாள். "இன்னொண்ணும் இருக்கு. ரெண்டாவது தடவையும் கூடுதலா வந்துட்டா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையணும். உங்களை ஓட்ட விட முடியாது. வேற யார் வண்டியிலயோ உங்களைப் படுக்கப் போட்டுக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரலை. அதான் இந்த வழியை நல்லாப் பழகிக்கிட்டேன்."

திரும்பி அவளைப் பார்த்தேன். முகத்தில் அதே அமைதி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன. அவள் இல்லாமல் நான் எப்படி என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. நான் இல்லாமல் அவள் எப்படி என்று யோசித்துத்தான் ஆறு வாரம் அழுதிருக்கிறேன். அவளோ நான் இருக்கப்போகிற கணக்கில் ஓட்டப் பழகியிருக்கிறாள்.

"மெதுவா" என்றேன்.

"மெதுவாத்தான் போறேன்" என்றாள்.

முடிவு வந்த அன்று இரண்டு பேருமாக டாக்டர் முன் உட்கார்ந்தோம். எண் இறங்கியிருந்தது. அளவுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் ஒரேயடியாக மறந்துவிடக் கூடாது, வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதையெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். நான் ஒரு சந்தேகம் கேட்க வாயெடுத்தேன். நான் கேட்டுக்கொள்கிறேன், நீங்கள் வெளியே காற்றாட நில்லுங்கள் என்றாள் அவள்.

வெளியே காற்று நன்றாக இருந்தது. மரம், ஆட்டோ, எதிர்க்கடைப் பலகை எல்லாம் புதிதாகத் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தன. அவள் வந்ததும், இனி நீ சிரமப்பட வேண்டாம், சாவியைக் கொடு, நாளையிலிருந்து பழையபடி நானே உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று பெரிய மனதோடு சொன்னேன்.

அப்போதுதான் அடுத்த சேதி வந்தது. அவள் அலுவலகத்தில் புகார் வந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பார்க்கிற மேற்பார்வை வேலை ஒன்று உண்டு. கார் ஓட்டத் தெரியாது என்பதாலேயே அவளுக்கு இத்தனை காலம் அது கிடைக்கவில்லை. நான் கொல்லைப்புறத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சமயத்தில் அவள் அதற்கு விண்ணப்பித்திருக்கிறாள். கிடைத்தும்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஊர் முழுக்கச் சுற்ற வேண்டும், கார் அவளுக்குத்தான் வேண்டுமாம். உங்களைப் போகிற வழியில் இறக்கிவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலை இறக்கிவிட்டாள். என் பள்ளி வாசலில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் நின்றுகொண்டிருந்தார். புதிதாகச் சேர வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் வாத்தியாரைக் கொண்டுவந்தேன். அவள் ஜன்னலை இறக்கி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மத்தியானம் சாப்பிட மறக்கக் கூடாது, மாலையில் நான் வருகிறவரை இங்கேயே நிற்க வேண்டும், எங்கேயும் போய்விடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். நானும் வரிசையாகத் தலையாட்டினேன். பிறகு நின்றிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுத்து, வளைத்து, போயே விட்டாள்.

இளைஞர் அந்தக் கார் திருப்பத்தில் மறைகிறவரை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து, ரகசியமாகக் கேட்டார்.

"நீங்களும் புதுசாச் சேர்ந்தவரா சார்? நமக்கு அந்த மேடம்தானே சொல்லிக் குடுப்பாங்க?"